தலைக்கு ஒரு சட்டம், ஆம்ரேவுக்கு ஒரு சட்டமா?

அடிக்க வர்றவங்க கொஞ்சம் பொறுங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் சி.எஸ்.கே ஆளு. 2008-லேர்ந்து. வீட்டுல மஞ்சள் பனியன் ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணு துவைச்சுத் துவைச்சு சந்தனக் கலருக்கு வந்துடுச்சு. 2018-ல தடை முடிஞ்சு டீம் திரும்பி வந்தப்போ, காவிரிப் போராட்டத்தால சேப்பாக்கத்துல ஒரே ஒரு ஆட்டத்தை நடத்திட்டு மிச்சத்தை புனேவுக்குத் தூக்கிட்டுப் போனாங்களே, அன்னிக்கு ராத்திரி சோறு இறங்காம உட்கார்ந்திருந்தவன். அதனால "மும்பைக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினே" மாதிரியான கேள்விகளை ஓரமா வெச்சுட்டு மேல படிக்கவும்.

விஷயம் ஆரம்பிச்சது மூங்கில் மண்டபம் பக்கத்துல ஒரு டீக்கடையில. 2025 ஆகஸ்ட்ல லலித் மோடி ஒரு வீடியோவை வெளியே விட்டாரே, ஞாபகம் இருக்கா? 2008 ஏப்ரல் 25, மொகாலி. ஆட்டம் முடிஞ்சு ரெண்டு டீமும் கை குலுக்கற நேரத்துல ஹர்பஜன் சிங் ஸ்ரீசாந்தை அறைஞ்ச வீடியோ. பதினேழு வருஷமா நாமெல்லாம் ஸ்ரீசாந்த் தேம்பித் தேம்பி அழுததைத்தான் பார்த்திருந்தோம். அந்த அறையைப் பார்த்ததில்ல. வீடியோ வந்ததும் டீக்கடையில பட்டிமன்றம் களைகட்டிடுச்சு.

என் நண்பர் ஒருத்தர், பட்டுக்கடையில கணக்கு எழுதறவர், தீர்ப்பே சொல்லிட்டார். "11 மேட்ச் தடை குடுத்தாங்க பாரு, அதுதான்யா கரெக்ட்டு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தா இன்னா, சட்டம்னா சட்டம்தான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கணுமே. "அப்ப ஜெய்ப்பூர்ல தோனிக்கு?"ன்னு கேட்டேன்.

கிளாஸை டொக்குனு வெச்சார். "அது வேற."

பக்கத்துல இருந்த நாலு பேரும் கோரஸா, "அது வேற!"

அந்த ரெண்டே ரெண்டு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

ஜெய்ப்பூர் கதை மறந்தவங்களுக்காக சுருக்கமா. 2019 ஏப்ரல் 11, சவாய் மான்சிங் மைதானம். ராஜஸ்தான் 151. நம்மாளுங்க 24-க்கு 4 விக்கெட். ராயுடு 57, தோனி 58ன்னு ரெண்டு பேரும் தூக்கி நிறுத்தறாங்க. கடைசி ஓவர், 18 ரன் வேணும், போடறது பென் ஸ்டோக்ஸ். முதல் பந்துல ஜடேஜா கீழ விழுந்துகிட்டே ஒரு சிக்ஸ். கொஞ்சம் மூச்சு வருது. மூணாவது பந்துல தோனி போல்டு. 3 பந்துல 8 ரன். சான்ட்னர் உள்ள வர்றார். ஸ்டோக்ஸ் போட்ட பந்து இடுப்பு உயரத்துக்கு ஃபுல்டாஸா வருது. பந்து போடற பக்கம் நிக்கற அம்பயர் உல்லாஸ் காந்தே நோ-பால்னு கையைத் தூக்கறார். ஸ்கொயர் லெக்ல இருக்கற புரூஸ் ஆக்ஸன்ஃபோர்டு இல்லங்கறார். நோ-பால் வாபஸ்.

ஜடேஜா போய்க் கேக்கறார். சரி, அவர் களத்துல இருக்கற பேட்ஸ்மேன், கேக்கலாம். அப்பத்தான் அது நடந்துச்சு. அவுட்டாகி வெளியே போயிருந்த நம்ம தல, எல்லைக்கோட்டைத் தாண்டி விறுவிறுன்னு உள்ள வந்துட்டார். விரலை நீட்டி அம்பயர்கிட்ட பேசறார். ஆட்டம் நிக்குது. ஸ்டோக்ஸ் ஒரு பக்கம் நின்னு பார்க்கறார்.

நான் அன்னிக்கு டிவி முன்னாடி என்ன பண்ணேன்னு மறைக்காம சொல்றேன். எழுந்து நின்னு விசில் அடிச்சேன். "கேளு தல, விடாத"ன்னு கத்தினேன். கடைசிப் பந்துல சான்ட்னர் சிக்ஸ் தூக்கினதும் தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தம். கேப்டனா ஐ.பி.எல்-ல தோனிக்கு 100-ஆவது வெற்றி, ஆட்ட நாயகனும் அவரே. மறுநாள் செய்தி வருது: சம்பளத்துல 50 சதவீதம் அபராதம். ரெண்டாம் நிலை குற்றம், விளையாட்டோட மாண்புக்கு மாறான நடத்தை, தோனி ஒத்துக்கிட்டார். தடை? இல்ல. ஒரு மேட்ச்கூட இல்ல.

"ஒத்துக்கிட்டார்"ங்கறதை இன்னொரு தடவை படிங்க. அவரே ஒத்துக்கிட்டார் சாமி. ஒத்துக்காம இருக்கறது நீங்கதான்.

சரி, டீக்கடைத் தரப்பு வாதங்களுக்கு வருவோம். நியாயமாத்தான் கேக்கறாங்க, பதில் சொல்லணும்.

"அம்பயர் தப்பு பண்ணார்ல?" பண்ணார். கையைத் தூக்கிட்டு இறக்கினது குழப்பம்தான், நானும் திட்டினேன். ஆனா கிரிக்கெட் விதி 2.12 என்ன சொல்லுதுன்னா, அம்பயர் தன் முடிவை உடனே மாத்திக்கலாம். இடுப்பு உயரத்தை பக்கவாட்டுலேர்ந்து பார்க்கற ஸ்கொயர் லெக் அம்பயருக்குத்தான் சரியா தெரியும், அவரைக் கேட்டு மாத்தினா அதுல துரோகம் எங்க இருக்கு? அப்படியே அநியாயமா இருந்தாலும், கேக்கறதுக்கு உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க. அவுட் ஆனவருக்கு அங்க என்ன வேலை? 2023-லேர்ந்து வைடு, நோ-பாலுக்குக்கூட ரிவ்யூ கேக்கலாம்னு ஐ.பி.எல்-லயே வழி வந்துடுச்சு. அந்த வழியை உண்டாக்கினது விதிமுறைக் குழு. வேலி தாண்டி உள்ள வந்த கேப்டன் இல்ல.

"ரணதுங்கா பண்ணலையா?" இது கொஞ்சம் வலுவான கேள்வி. 1999 ஜனவரி, அடிலெய்டு. ராஸ் எமர்சன் முரளிக்கு நோ-பால் குடுத்ததும் ரணதுங்கா டீமையே எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனார். அன்னிக்கும் இன்னிக்கும் நான் ரணதுங்கா பக்கம்தான். ஆனா அவர் ஃபீல்டிங் கேப்டன், மைதானத்துக்குள்ள இருக்க வேண்டிய ஆளு, பக்கத்துல நிக்கற தன் பவுலருக்காகப் பேசினார். அவருக்கே 75 சதவீத அபராதமும், தலைக்கு மேல கத்தி மாதிரி நிறுத்தி வெச்ச 6 மேட்ச் தடையும் கிடைச்சுது. உள்ள இருந்தவருக்கே அவ்வளவுன்னா, வெளியிலேர்ந்து வந்தவருக்கு?

"உணர்ச்சிவசப்பட்டுட்டார்பா, மனுஷன்தானே." ஆமா, மனுஷன்தான். ஆனா அவரை 'கூல்' 'கூல்'னு சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் மத்த கேப்டன்களைக் கேவலமா பேசினவங்க நாம. கோலி கத்தினா ஆணவம், தல உள்ள வந்தா உணர்ச்சியா?

இப்ப தலைப்புக்கு வரேன். 2022 ஏப்ரல் 22, வான்கடே. டெல்லிக்கும் ராஜஸ்தானுக்கும் ஆட்டம். அங்கயும் கடைசி ஓவர்தான், 36 ரன் வேணும். ரோவ்மன் பவல் மூணு பந்துல மூணு சிக்ஸ் அடிக்கறார். மூணாவது பந்து இடுப்பு உயர ஃபுல்டாஸ், அம்பயர் நோ-பால் குடுக்கல. வெளியிலேர்ந்து ரிஷப் பந்த் பேட்ஸ்மேன்களை வெளிய வாங்கன்னு கையசைக்கறார். உதவிப் பயிற்சியாளர் பிரவீண் ஆம்ரே மைதானத்துக்குள்ள போய் அம்பயர்கிட்ட பேசறார். அதே மாதிரி பந்து, அதே மாதிரி கடைசி ஓவர், அதே மாதிரி வெளியிலேர்ந்து உள்ள. எதிர்ல நின்னதுகூட அதே ராஜஸ்தான்!

ஆம்ரேவுக்கு என்ன கிடைச்சுது? 100 சதவீத அபராதம், கூடவே ஒரு மேட்ச் தடை. அதுவும் ரெண்டாம் நிலைக் குற்றம்தான், அவரும் ஒத்துக்கிட்டார். உள்ளயே போகாத பந்துக்கு 100 சதவீதம். வெளிய நின்னு கூட சேர்ந்து சத்தம் போட்ட ஷர்துல் தாக்கூருக்கு 50 சதவீதம்.

அதாவது மக்களே, எல்லைக்கோட்டுக்கு வெளிய நின்ன தாக்கூரும், அதைத் தாண்டி ஆடுகளம் வரைக்கும் போன தோனியும் ஒரே ரேட்டு.

இன்னும் இருக்கு. 2023 ஏப்ரல்ல சேப்பாக்கத்துல நம்மளோட ஆடின ராஜஸ்தான் அணியில நம்ம அஸ்வின். பனி அதிகமா இருக்குன்னு அம்பயர்கள் தாங்களாவே பந்தை மாத்தினது புதுசா இருக்கேன்னு ஆட்டம் முடிஞ்சு பேசினார். பேசினார், அவ்வளவுதான். 25 சதவீதம் பிடிச்சாங்க. 2024-ல ஹர்ஷித் ராணா, அவுட்டான பேட்ஸ்மேனை வெளிய போன்னு கை காட்டினதுக்கு 100 சதவீதமும் ஒரு மேட்ச்சும். அவருக்கு அது ரெண்டாவது தடவை, ஒத்துக்கறேன். 2025-ல லக்னோவோட திக்வேஷ் ராட்டி. 30 லட்ச ரூபாய்க்கு எடுத்த பையன், விக்கெட் எடுத்தா கையில நோட்டுப் புத்தகம் இருக்கற மாதிரி கையெழுத்து போடுவான். 25, 50, மறுபடி 50ன்னு பிடிச்சு, தப்புப் புள்ளி 5 ஆயிடுச்சுன்னு ஒரு மேட்ச் உட்கார வெச்சுட்டாங்க. இல்லாத நோட்டுல எழுதினதுக்கு!

அந்த 2025-லயே இன்னொரு தமாஷ். முதல் ஆட்டம் சேப்பாக்கத்துல மும்பையோட. ஹர்திக் பாண்டியா ஆடல. போன சீசன்ல மூணு தடவை ஓவர் மெதுவா போட்டதுக்குத் தடை. அன்னிக்கு இதே டீக்கடை நண்பர் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "சட்டம்னா சட்டம்தான்பா." ஓவர் மெதுவா போட்டவர் உட்கார்ந்தார், அம்பயரை நோக்கி நடந்து வந்தவர் உட்காரல.

எதிரணிக்காரனுக்கு சட்டப் புத்தகம், நம்மாளுக்கு சூழ்நிலை. இதைத்தான் நாம காலங்காலமா பண்றோம். ஹர்பஜனையே எடுத்துக்கங்க. 2008-ல அவரை ஊர் பூரா திட்டினோம். 2018-ல நம்ம டீமுக்கு வந்து தமிழ்ல ட்வீட் போட ஆரம்பிச்சதும் 'நம்ம பாஜி' ஆயிட்டார். அந்த அறை பத்தி மூச்சு விட்டோமா? ஜடேஜாவுக்கு 21 வயசுல, 2010-ல, வேற டீமோட பேரம் பேசினார்னு ஒரு சீசன் முழுக்கத் தடை போட்டாங்க. அம்பயரைத் தொடல, யாரையும் அறையல. ஒரு சீசன்! அப்ப எந்த மஞ்சள் சட்டையும் அவருக்காக அழல, ஏன்னா அப்ப அவர் ராஜஸ்தான்காரர். (2025 நவம்பர்ல சஞ்சு சாம்சனை வாங்கிட்டு அவரை மறுபடி அதே ராஜஸ்தானுக்கே அனுப்பிட்டாங்க. அந்த வயித்தெரிச்சல் தனிக் கதை, இன்னொரு நாள்.)

சேவாக் அப்பவே சொன்னார், தோனிக்கு ரெண்டு மூணு மேட்ச் தடை போட்டிருக்கணும்னு. இந்திய அணிக்காக அப்படிக் கோபப்பட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்னும் சொன்னார். நாம சேவாக்குக்குப் பொறாமைன்னு முடிச்சுட்டோம். எனக்கு மூணு மேட்ச் வேணாம், அது ஜாஸ்தி. முதல் தடவை, ஒத்துக்கிட்டார், சரி. ஒரு மேட்ச். ஆம்ரேவுக்குக் குடுத்த அதே ஒண்ணு.

ஒரு மேட்ச் அவர் இல்லன்னா உலகம் அழிஞ்சிருக்குமா? அதையும் பார்த்தாச்சு. ஜெய்ப்பூர் முடிஞ்சு ஆறே நாள்ல, ஏப்ரல் 17, ஹைதராபாத்தோட ஆட்டம். முதுகு வலின்னு தோனி ஆடல, ரெய்னா கேப்டன். தோத்தோம். ஏப்ரல் 26 சேப்பாக்கத்துல மும்பையோடயும் அவர் இல்ல, மறுபடி தோத்தோம். அப்புறமும் ஃபைனல் வரைக்கும் போய் ஒரே ஒரு ரன்ல கோப்பையை விட்டோம். உடம்பு சரியில்லன்னு ரெண்டு மேட்ச் உட்காரலாம், சட்டத்துக்காக ஒண்ணு உட்காரக் கூடாதா?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் கிட்ட இருந்து நாம கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 1995 ஜனவரியில எரிக் கான்டோனா கூட்டத்துல இருந்த ஒரு ரசிகனை எகிறி உதைச்சார். தடையை முதல்ல போட்டது அவரோட கிளப்பே, சீசன் முடியற வரைக்கும். அப்புறம் சங்கம் அதை செப்டம்பர் கடைசி வரைக்கும் நீட்டிச்சுது. அந்த சீசன்ல யுனைடெட் லீக்கை ஒரே ஒரு புள்ளியில பிளாக்பர்ன்கிட்ட விட்டாங்க. ஒரு புள்ளி! அக்டோபர் 1-ஆம் தேதி அவர் திரும்பி வந்தப்போ கூட்டம் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு, இன்னிக்கும் ஆடுது. தண்டனையால அவரோட மவுசு ஒரு இழைகூடக் குறையல.

இழைன்னதும் ஞாபகம் வருது. எங்க அப்பா தறிக்காரர். பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவுல ஒரு பெரியவர் இருந்தார், கோர்வை போடறதுல அவரை மிஞ்ச ஆளில்ல, உடலும் கரையும் சேர்ற இடத்தை விரலால தடவினாக்கூடத் தெரியாது. வெளியூர்லேர்ந்து வந்து வேடிக்கை பார்ப்பாங்க. அவர் நெய்த ஒரு புடவையில இழை விட்டுப் போயிருந்ததுன்னு ஒரு தடவை கூலியில பிடிச்சுட்டாங்க. எங்க அப்பா புடவையில விட்டுப் போனா எவ்வளவு பிடிப்பாங்களோ, அதே அளவு. பெரியவர் ஒண்ணும் சொல்லல. எங்க அப்பாதான் கொதிச்சுப் போய் "உங்களுக்குப் போயா"ன்னு கேட்டார். அதுக்கு அவர், "ஏன், என் பேரைச் சொன்னா இழை ஒட்டிக்குமா"ன்னுட்டு வெத்தலை போடப் போயிட்டார்.

நிற்க. இவ்வளவு ஆவேசம் எதுக்கு, 2019-ல விசில் அடிச்சவன்தானே நீன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் வரேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அதே 2019, மே மாசம். பசங்க டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் ஒண்ணு நடத்தினாங்க. ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு காலி மைதானம், எட்டு ஓவர் மேட்ச், முதல் பரிசு ஒரு ஆள் உயரக் கோப்பை. எனக்கு முட்டி போயிடுச்சு, ஆட முடியாது, அதனால அம்பயர். மத்தியானச் சாப்பாடும் பாட்டில் தண்ணியும் சம்பளம். பெருமையா வெள்ளைத் தொப்பியெல்லாம் வாங்கி வெச்சிருந்தேன்.

அரையிறுதி. கடைசி ஓவர், 9 ரன் வேணும். பந்து போடறது ஒரு சின்னப் பையன், பதினெட்டு வயசு இருக்கும். தறியில கோர்வைக்குப் பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ளற பையன். சுண்டு விரல்ல வெட்டு, அதுல பிளாஸ்டர் சுத்திகிட்டு போடறான். நாலாவது பந்து ஃபுல்டாஸ், பேட்ஸ்மேன் சுத்தறான், ஸ்டம்பு எகிறுது. எனக்குத் தெளிவா தெரிஞ்சுது, பந்து தொடை உயரம்தான். அவுட்னு விரலைத் தூக்கினேன்.

வேப்ப மரத்தடியிலேர்ந்து அவங்க கேப்டன் வந்தான். முன்னாடியே அவுட்டாகி உட்கார்ந்திருந்தவன். நடந்து, நேரா, அதே மாதிரி விரலை நீட்டிகிட்டு. "நோ-பால் குடு"ன்னான். நான் இல்லப்பா, தொடைக்குத்தான் வந்துச்சுன்னேன். என் சட்டையைப் பிடிச்சான். நான், "நீ முதல்ல வெளிய போ, அவுட்டானவன் உள்ள வரக் கூடாது"ன்னு சொன்னேன்.

அவன் சொன்னது அப்படியே காதுல இருக்கு. "தோனியே வந்தாரு. நீ யாருடா?"

கூட்டம் சிரிச்சுது. விசில் அடிச்சுது. நான் ஒரு மாசம் முன்னாடி டிவி முன்னாடி அடிச்ச அதே விசில்.

கையை நீட்டி நோ-பால் குடுத்துட்டேன்.

அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், சிக்ஸ். அதுக்கடுத்த பந்துல மேட்ச் முடிஞ்சுது. அந்தப் பையன் அழல, சண்டை போடல. ஸ்டம்பையெல்லாம் பிடுங்கி பையில போடறப்போ கிட்ட வந்து மெதுவா, "அண்ணே, அது நிஜமாவே நோ-பாலாண்ணே?"ன்னு கேட்டான். நான் தொப்பியைக் கழட்டி தூசி தட்டற மாதிரி நின்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போயிட்டான். அப்புறம் அவனை மைதானத்துல பார்க்கல. தறிக்குப் போயிட்டு வர்ற வழியில ராஜவீதியில எப்பவாவது பார்ப்பேன், தலையாட்டுவான், நானும் ஆட்டுவேன்.

உல்லாஸ் காந்தேவை நாமெல்லாம் எவ்வளவு கிண்டல் பண்ணோம். ஒரு மைதானமே கத்துது, எதிர்ல இந்தியாவுக்கு ரெண்டு உலகக் கோப்பை வாங்கிக் குடுத்த ஆளு விரலை நீட்டிகிட்டு நிக்கறார். அந்த மனுஷன் விதர்பாவுக்கு ஆடினவர், நம்மள மாதிரி தெருவுல பந்து பொறுக்கி மேல வந்தவராத்தான் இருப்பார். கையைத் தூக்கி இறக்கின குழப்பம் அவரோடது. ஆனா அதுக்கப்புறம் அவர் மாத்தல. ஆக்ஸன்ஃபோர்டும் மாத்தல. ரெண்டு பேரும் சொன்ன இடத்துலயே நின்னாங்க. நான் ஒரு ப்ளாஸ்டிக் கோப்பைக்கு ஆடின மேட்ச்லயே நிக்கல.

அன்னிக்கு அந்த ரெண்டு பேர் பக்கமா லீக் நின்னிருக்கணும். 50 சதவீதம்னு பிடிச்சா அது யாருக்கு உறைக்கும்? 15 கோடிக்கு டீம் தக்க வெச்ச ஆளுக்கா? அந்தக் காசு எந்த மைதானத்துலயும் யார் கண்ணுக்கும் தெரியாது. காலி இடம்தான் தெரியும். டாஸ் போட ரெய்னா வர்றார், ஏன்னு எட்டு வயசுப் பையன் அப்பாவைக் கேக்கறான், அப்பா சொல்லியே ஆகணும். அது நடந்திருந்தா எங்க மைதானத்துல வேப்ப மரத்தடியிலேர்ந்து எழுந்தவன் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. வேற எதையாவது சொல்லியிருப்பான், சட்டையைப் பிடிச்சும் இருப்பான், தெரியும். ஆனா அந்த வாக்கியம் இருந்திருக்காது.

இன்னொரு பழைய புண்ணையும் கிளறிடறேன். 2015 ஜூலையில லோதா கமிட்டி நமக்கும் ராஜஸ்தானுக்கும் ரெண்டு ரெண்டு வருஷம் தடை போட்டப்போ நாம சொன்னது என்ன? "தப்பு பண்ணது யாரோ, ஆடினவன் என்ன பண்ணான், பார்க்கறவன் என்ன பண்ணான், தப்பு பண்ணவனை மட்டும் தண்டிங்க." நானும் அதைத்தான் சொன்னேன், இப்பவும் சொல்றேன். அப்ப தப்பு பண்ணவரே ஒத்துகிட்டு நிக்கற இடத்துல மட்டும் ஏன் வாய் மாறுது? கூட்டம் அவருக்காக வருதுன்னு நண்பர் சொன்னார். கடைசியில உண்மை அதுதான். ஜெய்ப்பூர்லயே பாதி ஸ்டேடியம் மஞ்சள். அந்த மஞ்சளுக்கு பயந்துதான் அபராதத்தோட நிறுத்தினாங்கன்னு நான் நினைக்கறேன். அந்த மஞ்சள்ல நானும் ஒருத்தன், காஞ்சிபுரத்துலேர்ந்து ரயிலேறி பார்க்ல இறங்கி, பார்க் டவுன்ல மாறி, சேப்பாக்கத்துல போய்க் கத்தினவன். என்னைக் காட்டித்தான் அவரை விட்டாங்க. என்னைக் கேட்டிருந்தா, இப்ப இருக்கற புத்திக்கு, உட்கார வைங்கய்யான்னு சொல்லியிருப்பேன்.

2023 குவாலிஃபையர்ல பதிரனாவைப் பந்து போட வைக்கறதுக்காக அம்பயர்களோட நின்னு நாலு நிமிஷம் பேசியே ஓட்டினாரே, அதைச் சாமர்த்தியம்னு சொல்லிச் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அதுக்கு அபராதம்கூட இல்ல. ஜெய்ப்பூர்ல ஒரு மேட்ச் உட்கார்ந்திருந்தா அந்தப் பேச்சு ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமோ என்னவோ.

இவ்வளவையும் டீக்கடையில சொல்லல. அங்க "சரி விடுங்க"ன்னு காசு குடுத்துட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் டோர்னமெண்ட் பசங்க வீட்டுக்கு வந்தாங்க. மறுபடி நடத்தறோம், பழைய ஆளுங்க யாரும் அம்பயருக்கு வர மாட்டேங்கறாங்க, நீங்க நில்லுங்கண்ணேன்னு கேட்டாங்க. நிக்கறேன்னு சொன்னேன். ஒரு கண்டிஷன் போட்டேன்: அவுட்டானவனோ வெளிய இருக்கறவனோ எவன் உள்ள வந்தாலும் அடுத்த மேட்ச் உட்காரணும். கேப்டனா இருந்தாலும் சரி, டோர்னமெண்ட்டுக்குக் காசு போட்டவரோட புள்ளையா இருந்தாலும் சரி. எழுதி நோட்டீஸ்லயே அச்சடிக்கணும்.

பசங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துகிட்டாங்க. காசு போடறவர் வேற யாரும் இல்ல, நம்ம பட்டுக்கடைக் கணக்கு நண்பர்தான். அவர் பையன்தான் ஒரு டீமுக்கு கேப்டன்.

"அவரைக் கேட்டுட்டு சொல்றோம்ணே"ன்னு போனாங்க. இன்னும் வரல. தொப்பியைத் துவைச்சு மாடிக்கொடியில போட்டிருக்கேன்.

பி.கு: இதைப் படிச்சுட்டு நண்பர் போன் பண்ணி "அது வேற"ன்னு சொல்லுவார். எடுக்க மாட்டேன்.